1,850 ரூபாய் ரீஷி மைசீலியம் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

முழுசாகப் படிக்க நேரம் இல்லாதவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரீஷி என்பது மருந்து என்று சொல்லி விற்கிற ஒரு காளான், மைசீலியம் என்பது காளானின் வெள்ளை இழை. தானியத்தில் வளர்த்த ரீஷி மைசீலியத்தை அப்படியே அரைத்துக் கேப்சூலில் அடைத்து விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள், கொடுக்கிற காசுக்கு அதில் சரக்கு இல்லை. அப்புறம் எந்த ரீஷியைச் சாப்பிட்டாலும் சரி, அதை நம்பிச் சர்க்கரை மாத்திரையையோ பிரஷர் மாத்திரையையோ நிறுத்தவே நிறுத்தாதீர்கள். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்களுக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். தென்னந்தோப்பு இருக்கிறது. கஜா புயலில் பாதி மரம் போன பிறகு வருமானத்துக்கு வேறு வழி வேண்டுமென்று வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை போட்டு, ஆறு வருடமாகச் சிப்பிக் காளான் வளர்த்து விற்கிறேன். அதனால் மைசீலியம் என்ற பெயர் எனக்குப் புதிதில்லை, தினமும் கையில் அள்ளிப் போடுகிற பொருள்தான். ஆனாலும் ரீஷி என்று வந்தபோது நானும் கொஞ்ச நாள் பேசாமல் இருந்துவிட்டேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

டப்பாவைக் கொண்டுவந்தவர் என் சின்ன மாமா, அம்மாவின் தம்பி. ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்குப் போய்விட்டு, ஆள் சேர்த்து விற்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தார். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம், இதே மாதிரி நிறைய இருக்கின்றன. மூன்று டப்பாவைத் திண்ணையில் வைத்துவிட்டு அப்பாவிடம், "அத்தான், மூணு மாசம் விடாம சாப்புடுங்க, அப்புறம் இந்த மாத்திரை எல்லாத்தையும் தூக்கிப் போட்டுறலாம்" என்றார். மாமா ஏமாற்றுகிற ஆள் கிடையாது. தானும் சாப்பிடுகிறார், அத்தைக்கும் கொடுக்கிறார், கூட்டத்தில் சொன்னதை முழுசாக நம்பினார். அப்படி நம்பிச் சொல்கிறவர் சொந்தக்காரராகவும் இருந்துவிட்டால் மறுத்துப் பேச நமக்கு வாய் வராது.

அப்பாவுக்கு அறுபத்தேழு வயது. பதினொரு வருடமாகச் சர்க்கரை, காலையும் இரவும் மெட்ஃபார்மின் 500 போடுகிறார். டப்பாவில் இருந்த படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏம்ப்பா, இது நம்ம கீழத்தோப்புல மரத்தடியில மொளைச்சுதே, அதுதானே?"

அவர் கேட்டது சரியான கேள்வி. தஞ்சாவூர் வாடல் நோய் என்றால் எங்கள் பக்கம் தென்னை வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். 1952-ல் தஞ்சை மாவட்டத்தில் முதலில் கவனித்ததால் அந்தப் பெயர். மரத்தின் அடித்தண்டில் செம்பழுப்பாகச் சாறு வடியும், அடி மட்டைகள் காய்ந்து தொங்கும், கடைசியில் மரத்தடியில் வார்னிஷ் அடித்த மாதிரிப் பளபளவென்று சிவப்பாக ஒரு காளான் விசிறி போலத் தள்ளும். அது வந்துவிட்டால் மரத்தின் கதை முடிந்தது. வேளாண் பல்கலைக்கழகப் பாடத்தில் அந்தப் பூஞ்சைக்குக் கேனோடெர்மா லூசிடம் என்று பெயர் போட்டிருக்கும், ரீஷி டப்பாவிலும் அதே பெயர்தான் இருக்கிறது. சீனாவில் லிங்ஷி, ஜப்பானில் ரீஷி. ஆனால் சீனாவில் மருந்துக்கு வளர்ப்பது வேறு இனம் என்று பிரித்து 2012-ல் அதற்குக் கேனோடெர்மா லிங்ஷி என்று தனிப் பெயர் வைத்துவிட்டார்கள். பழைய பெயரைத்தான் இன்னும் பல டப்பாக்களில் அச்சடிக்கிறார்கள். இதைப் படித்துவிட்டுத் தோப்பில் முளைத்ததை யாரும் வெட்டிக் காயவைத்துக் கஷாயம் போட்டுவிட வேண்டாம். அது எந்த இனம் என்று பார்த்துச் சொல்ல நம்மால் முடியாது, நோய் கண்ட மரத்துக்கு வேர் வழியாக மருந்து கட்டியிருப்போம், மயில்துத்தம் கலந்த போர்டோ கலவை ஊற்றியிருப்போம், அதெல்லாம் உடம்புக்குள் போகக் கூடாது.

சரி, டப்பாவுக்கு வருகிறேன். 90 கேப்சூல், ஒன்றில் 450 மில்லிகிராம், விலை 1,850 ரூபாய். காலையில் இரண்டு, இரவில் இரண்டு. கணக்குப் போட்டால் ஒரு டப்பா இருபத்திரண்டு நாள்தான் வரும், மாதம் 2,500 ரூபாய் ஆகிறது. டப்பாவில் எடை கட்டிப் பார்த்தால் மொத்தப் பொடி 40 கிராம்.

இந்த நாற்பது கிராம் என்ன என்பதைக் காளான் போடுகிறவர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம். நாம் வாங்குகிற வித்துப் பையைக் காயவைத்து அரைத்தால் என்ன கிடைக்குமோ, அந்த மாதிரிச் சரக்குதான். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்குகிறேன். வித்து தயாரிக்கிற இடத்தில் சோளத்தை அரைவேக்காடாக வேகவைத்து, ஈரத்தை உலர்த்தி, சுண்ணாம்புத் தூள் கலந்து, பையில் அடைத்து, நீராவியில் கிருமி நீக்கி, அதற்குள் காளானின் தாய் வித்தைப் போடுவார்கள். பதினைந்து நாளில் வெள்ளை வெளேரென்று பஞ்சு மாதிரி இழை படர்ந்து சோளத்தை எல்லாம் ஒரே கட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அந்த இழைதான் மைசீலியம். செடிக்கு வேர் மாதிரி, காளானுக்கு அதுதான் உடம்பு. நாம் பறித்துச் சமைப்பது அதிலிருந்து கடைசியாகக் கிளம்புகிற பூ. அந்தக் கட்டியை உதிர்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே இருப்பதெல்லாம் சோளம்தான், மேலே இழை போர்த்தியிருக்கும். இழையை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்க யாராலும் முடியாது. ரீஷியிலும் அதே கதைதான், சோளத்துக்குப் பதில் அரிசியோ ஓட்ஸோ போடுவார்கள், இழை படர்ந்ததும் தானியத்தோடு சேர்த்துக் காயவைத்து அரைத்து அடைத்துவிடுவார்கள்.

ரீஷி பூவாக வர மாதக்கணக்கில் ஆகும், மரக்கட்டையிலோ மரத்தூளிலோ வைத்துக் காத்திருக்க வேண்டும். இழை படரச் சில வாரம் போதும். விலை குறைவாக இருக்க வேண்டியது எது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். எனக்கு 300 கிராம் சிப்பி வித்துப் பை 60 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ரீஷி வித்துக்கு ஆய்வகச் செலவு கூட, தரச் சோதனை, டப்பா, வரி எல்லாம் உண்டு, அதை ஒத்துக்கொள்கிறேன். அதற்காக 40 கிராம் 1,850 ரூபாயா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இதைச் சோதித்தே பார்த்துவிடலாம் என்று மூன்று வெள்ளைத் தட்டை அடுப்படி மேடையில் வைத்தேன். ஒன்றில் பச்சரிசி மாவு ஒரு சிட்டிகை, இன்னொன்றில் இந்தக் கேப்சூலைத் திருகித் திறந்து கொட்டியது, மூன்றாவதில் நான் ஆன்லைனில் தனியாக வாங்கிய ரீஷிப் பூவின் சாறு வடித்துக் காய்ச்சிய பொடி. மூன்றிலும் ஒரு கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர். காயத்துக்குப் போடுகிற பீட்டாடைன் வீட்டில் இருந்தது, அதில் தண்ணீர் கலந்து சொட்டு மருந்துக் குழாயால் இரண்டு இரண்டு சொட்டு விட்டேன். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பில் செய்த அதே அயோடின் சோதனைதான். அரிசி மாவு உடனே கருநீலம். கேப்சூல் பொடியும் ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே வந்து, கலக்கிவிட்டதும் அரிசி மாவுத் தட்டைப் போலவே மையாகிவிட்டது. மூன்றாவது தட்டு டிக்காஷன் நிறத்தில் அப்படியே இருந்தது. அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "இது சோத்து மாவுடி" என்றார்.

இந்தச் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு. மாவுச்சத்து இருக்கிறது என்பதை மட்டும்தான் அது காட்டும், எத்தனை சதவீதம் என்று சொல்லாது. நல்ல சாற்றுப் பொடியிலும் கட்டி சேராமல் இருக்க மாவு கலந்திருந்தால் நீலம் வரும். ஆனால் கேப்சூலுக்குள் முழுக்கக் காளான்தான் என்று ஒருவர் அடித்துச் சொல்லும்போது இந்த நீலம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம் அல்லவா.

நாக்கும் ஒரு சோதனைதான். ரீஷியின் கசப்புக்குக் காரணம் டிரைடெர்பீன் என்ற வகைப் பொருள்கள், அதில் கேனோடெரிக் அமிலங்கள் முக்கியம். நல்ல ரீஷிப் பூவின் பொடி நாக்கில் பட்டால் நிலவேம்புக் கஷாயம் குடித்த மாதிரி அடித்தொண்டை வரை கசக்கும், கால் மணி நேரம் போகாது. இந்தக் கேப்சூல் பொடி வறுத்த மாவு வாசனை, லேசான இனிப்பு. துளி கசப்பு இல்லை. "கசக்காத ரீஷி" என்று அதையே பெருமையாக அச்சடித்திருந்தார்கள்.

டப்பாவில் "பாலிசாக்கரைடு 40%" என்றும் பெரிதாகப் போட்டிருந்தது. அதில் மயங்காதீர்கள். சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகச் சேர்ந்த பொருளுக்குத்தான் அந்தப் பெயர். அரிசியில் இருக்கிற மாவுச்சத்தும் பாலிசாக்கரைடுதான், அதனால் அந்த எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒன்றும் சொல்லாது. நாம் பார்க்க வேண்டியது காளானின் செல் சுவரில் இருக்கிற பீட்டா குளூக்கான் எவ்வளவு என்று. அதைத் தனியாகப் போட்டிருக்கிறார்களா, டிரைடெர்பீன் எவ்வளவு என்று போட்டிருக்கிறார்களா, பூவா மைசீலியமா, மைசீலியம் என்றால் எதில் வளர்த்தது, இதை எல்லாம் கேளுங்கள். "மைசீலியல் பயோமாஸ்", "ஃபுல் ஸ்பெக்ட்ரம்" என்று இருந்தால் பெரும்பாலும் தானியமும் சேர்த்து என்றே எடுத்துக்கொள்ளலாம். நான் கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டு இந்தக் கேள்விகளைக் கேட்டேன். பதிலாக ஒரு விளம்பரத் தாளும் அருகில் நடக்கிற கூட்டத்துக்கு அழைப்பும் வந்தன.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் வாங்கிய 19 ரீஷி தயாரிப்புகளை ஆய்வகத்தில் சோதித்து 2017-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள், லேபிளில் சொன்னபடி இருந்தவை அதில் ஐந்துதான். சிலவற்றில் இருந்தது மாவுச்சத்து மாதிரியான சர்க்கரைகள், கசப்புப் பொருள்கள் இல்லவே இல்லை.

மைசீலியம் என்றாலே தண்டம் என்று நான் சொல்ல மாட்டேன். திரவத் தொட்டியில் வளர்த்து வடிகட்டி எடுக்கிற முறை இருக்கிறது, அதில் தானியம் வராது. ஹிரோஷிமாவில் ரீஷி மைசீலியம் வளர்த்த ஊடகத்திலிருந்து நீரில் வடித்த சாற்றைத் தினம் 1.5 கிராம் என்று ஒரு வருடம் கொடுத்து, பெருங்குடலில் வருகிற கட்டிகளின் எண்ணிக்கையும் அளவும் குறைந்ததாக 2010-ல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வளர்த்தது கரும்புச் சக்கையிலும் எண்ணெய் நீக்கிய தவிட்டிலும், கொடுத்தது சாறு, ஒப்பிட்ட ஆட்களுக்கு வெற்று மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை. கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டியது இந்த ஆய்வைத்தான் என்று மாமா சொன்னதை வைத்துப் புரிந்துகொண்டேன். அரிசியோடு அரைத்த பொடியை விற்க அதைக் காட்டுவது நியாயமே இல்லை.

இப்போது அப்பாவின் விஷயம். மாமா சொன்னது மூன்று மாதம் கழித்து மாத்திரையை நிறுத்தலாம் என்று. கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ முதல் வாரத்திலேயே நிறுத்தியதாக எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு அப்பா எங்களிடம் சொல்லாமலே நிறுத்திவிட்டார். மாத்திரை அட்டை அலமாரியில் அப்படியே இருந்தது, நான் அதைக் கவனிக்கவில்லை. நான்காவது வாரம் இரவில் நாலைந்து முறை எழுந்து பாத்ரூம் போக ஆரம்பித்தார். தண்ணீர்ச் சொம்பு தலைமாட்டிலேயே இருந்தது. வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு, "உடம்பில் உள்ள கழிவு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி" என்று பதில் வந்திருக்கிறது. கவனியுங்கள், சர்க்கரை ஏறியதற்கான அடையாளத்தை மருந்து வேலை செய்வதற்கான அடையாளம் என்று ஒருவர் எழுதுகிறார், அதை இவர் நம்பி இன்னும் ஒரு வாரம் ஓட்டுகிறார். வெறும் வயிற்றில் 126 இருந்தது, ஐந்தாவது வாரம் சோதித்தபோது 238. டாக்டர் திட்டவில்லை. மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கச் சொல்லிவிட்டு, டப்பாவை வாங்கித் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததை அப்பாவிடம் காட்டினார். மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. உணவுத் துணைப்பொருள் என்ற பெயரில் எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம் வாங்கி விற்கிற எல்லா டப்பாவிலும் அது இருக்க வேண்டும், நீங்களும் வீட்டில் இருப்பதைத் திருப்பிப் பாருங்கள். டப்பாவில் எழுதத் துணியாததை வாயால் மண்டபத்தில் சொல்கிறார்கள். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1954-லேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள்.

ரீஷி சர்க்கரையைக் குறைக்குமா என்பதற்கு நல்ல ஆய்வும் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் அதோடு சேர்ந்த பிரச்சினைகளும் உள்ள 84 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்குத் தினம் 3 கிராம் ரீஷியும், இன்னொரு பகுதியினருக்கு ரீஷியோடு கார்டிசெப்ஸ் என்ற வேறொரு பூஞ்சையும் சேர்த்து, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்றுக் கேப்சூலும் 16 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2016-ல் முடிவு வந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் குறையவில்லை, மூன்று மாதச் சராசரியும் குறையவில்லை. எங்கள் அப்பா சாப்பிட்டதை விட அது அதிக அளவு. புற்றுநோய்க்கும் இதைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், மனசுக்கு அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுகிற காக்ரேன் அமைப்பு அதைப் பற்றி வெளியிட்ட மதிப்பாய்வு, முதன்மைச் சிகிச்சையாக இதைக் கொடுக்கச் சான்று போதாது, வழக்கமான சிகிச்சையோடு துணையாக வேண்டுமானால் யோசிக்கலாம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறது.

நான் தனியாக வாங்கிய மற்ற இரண்டையும் சொல்லிவிடுகிறேன். பூவின் சாற்றுப் பொடி 60 கிராம் 1,400 ரூபாய், பீட்டா குளூக்கான் 30 சதவீதம் என்று போட்டு, ஆய்வக அறிக்கையும் கேட்டதும் அனுப்பினார்கள். நான் இரண்டு மாதம் தினம் ஒரு கிராம் சுடுதண்ணீரில் கலந்து குடித்தேன். முதல் வாரம் வாய் உலர்ந்தது, வயிறு கொஞ்சம் இளகியது, பிறகு சரியாகிவிட்டது. தூக்கம் நன்றாக வந்த மாதிரி இருந்தது, ஆனால் அதே சமயம் கொட்டகையில் வேலை குறைந்திருந்தது, எதனால் என்று பிரித்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பொருள் சொன்னபடி இருந்தது, அதற்கு ஐந்துக்கு மூன்றரை. காய்ந்த துண்டுகள் 100 கிராம் 650 ரூபாய். தேங்காய்ச் சிரட்டை மாதிரிக் கெட்டி, கத்தி இறங்காது. பத்து கிராம் ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டு இரண்டு மணி நேரம் சிறு தீயில் வைத்துப் பாதியாகச் சுண்ட வைக்க வேண்டும். கேஸ் செலவும் பொறுமையும் வேண்டும். ஆனால் கண்ணால் பார்த்து வாங்குகிறோம், மேலே சிவப்பு வார்னிஷ், அடியில் பொடிப்பொடி ஓட்டை, ஏமாற்றுவது சிரமம். ஆர்வத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டுமென்றால் நான் இதைத்தான் வாங்கச் சொல்வேன், நான்கு. மைசீலியம் கேப்சூலுக்கு ஒன்று, அதுவும் டப்பாவின் மூடி நன்றாக இறுகியதற்காக.

யாரெல்லாம் தொடவே கூடாது என்பதையும் எழுதிவிடுகிறேன், விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவர்கள், அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியிருப்பவர்கள், ரத்தக் கசிவுக்கு வாய்ப்பு உண்டு. கிட்னி மாற்றியவர்கள் எதிர்ப்பு சக்தியை அடக்க மருந்து எடுக்கிறார்கள், அவர்களுக்கு எதிர்ப்பு சக்தியைத் தூண்டுகிற பொருள் ஆகாது. கல்லீரல் பிரச்சினை உள்ளவர்களும் தள்ளியே இருங்கள். 2004-ல் ஹாங்காங்கிலும் 2007-ல் தாய்லாந்திலும் லிங்ஷிப் பொடி சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் கெட்டதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள், தாய்லாந்துக்காரர் இறந்தே போனார். அரிதுதான், ஆனால் "பக்க விளைவே கிடையாது" என்று சொல்வது பொய்.

மாமாவிடம் போன மாதம் அந்த மூன்று தட்டையும் அவர் கண் முன்னாலேயே வைத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. "நான் இருபதாயிரம் போட்டிருக்கேனேம்மா" என்றார். திறக்காத டப்பாக்களைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறோம். நேரடி விற்பனைக்கு 2021-ல் வந்த விதிகளையும் கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறோம், பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன். அத்தைக்குப் பிரஷர் மாத்திரை நிறுத்தவில்லை என்று மட்டும் உறுதி செய்துகொண்டேன். அப்பாவுக்குச் சென்ற வாரம் வெறும் வயிற்றில் 141. மாத்திரையை இப்போது காலையில் அம்மாதான் கையில் கொடுக்கிறார்.